கவவு: ஒரு மாலைச் சிற்றுண்டியும் ஒரு பழஞ்சொல்லும்

பத்தாண்டு நிறைவு விழாவில் பேசத்தக்க பொருள்கள் பல உண்டு. கம்பனின் கவிநயம் உண்டு. கவிமணியின் எளிமை உண்டு. புதுக்கவிதையின் வளர்ச்சி உண்டு. இவ்வுரையின் பொருளோ, பேக்கரிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் இறைச்சிப் பப்ஸ். இலக்கிய அவையில் இதற்கு என்ன இடம் என்னும் வினா எழுதல் இயல்பே. சங்கப் புலவர் காலத்திலிருந்தே தின்பண்டத்திற்குத் தமிழ்க் கவிதையில் இடம் இருந்துவந்திருக்கிறது. இடையில் அவ்விடம் சுருங்கிற்று. சுருங்கியதால் இழந்தது ஒரு சொல் மட்டுமன்று. ஒரு பார்வையும் ஆகும். இதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

மாலை நான்கு மணி

இரணியசிங்கநல்லூர் என்னும் பழம்பெயரும், வேணாட்டு அரசர்களின் அரண்மனையும் இரணியலின் பெருமைகளாகப் பேசப்படுகின்றன. அவ்வரண்மனையிலிருந்து சிறிது தொலைவில் திங்கள்சந்தை இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு அங்கே பேருந்து நிலையத்தருகே நிற்பவருக்கு வேறோர் இரணியல் புலப்படும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், முந்திரி ஆலையில் வேலை முடித்துக் கை விரல்களில் கறையோடு திரும்பும் பெண்கள், நெய்யூர் மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருந்துவிட்டு வெளியே வருவோர், கட்டட வேலை முடித்துப் பேருந்துக்குக் காத்திருப்போர் எனப் பலரும் ஒரே நேரத்தில் அங்கே கூடுகின்றனர். மதியச் சோறு செரித்துவிட்டது. இரவுச் சோற்றுக்கு இன்னும் நான்கு மணி நேரம் உண்டு. பேருந்து வருவதற்குப் பத்து நிமிடங்களே உள்ளன.

இந்தப் பத்து நிமிடங்களுக்கு உரிய உணவுதான் பப்ஸ். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மின்விளக்கு எரிகிறது. அதன் வெப்பத்தில் பப்ஸ் இளஞ்சூட்டோடு இருக்கிறது. "அண்ணே, ஒரு மீட் பப்ஸ், ஒரு சாயா" என்று கேட்ட அளவில், துண்டுத் தாளில் வைத்துக் கொடுக்கின்றனர். இலை வேண்டா, தட்டு வேண்டா, கை கழுவ நீரும் வேண்டா. நின்றபடியே உண்ணலாம், பேருந்து வந்துவிட்டால் கையிலேயே கொண்டு ஏறலாம். மேலாடையில் உதிர்ந்த துகள்களைத் தட்டிவிட்டு வீடு செல்லலாம்.

முட்டைப் பப்ஸ், காய்கறிப் பப்ஸ், கோழிப் பப்ஸ், இறைச்சிப் பப்ஸ் என இதற்கு வகைகள் உண்டு. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஆகவே மடிப்பு முறையால் அடையாளம் வைக்கின்றனர். ஒன்றை முக்கோணமாக மடித்தால் மற்றொன்றை நீள்சதுரமாக மடிக்கின்றனர். எந்த வடிவத்துக்குள் எது என்பது கடைக்குக் கடை வேறுபடும். விற்பவருக்கும் நாள்தோறும் வாங்குபவருக்கும் மட்டும் அக்குறியீடு விளங்கும்.

அடுக்கும் ஆவியும்

பப்ஸ் செய்யும் முறையை அறிந்தாலன்றி அதன் அருமை விளங்காது. மைதா மாவை நீரும் உப்பும் சேர்த்துப் பிசைந்து பலகையாக விரிக்கின்றனர். அதன்மீது வனஸ்பதியையோ மார்கரினையோ பரப்பி மூன்றாக மடிக்கின்றனர். மடித்ததைச் சிறிது நேரம் ஆறவிட்டு மீண்டும் விரித்து மீண்டும் மூன்றாக மடிக்கின்றனர். ஒருமுறை மடித்தால் 3 அடுக்கு. இருமுறை மடித்தால் 9. நான்கு முறை மடித்தால் 81. ஆறு முறை மடித்தால் 729. மாவுக்கும் மாவுக்கும் இடையில் மெல்லிய கொழுப்புப் படலம் இருந்துகொண்டே வரும்.

இம்மாவில் ஈஸ்ட் இல்லை. ஆப்பத்துக்குச் சேர்ப்பது போலக் கள்ளும் இல்லை. சூட்டடுப்பில் வைத்தவுடன் மாவிலுள்ள ஈரம் ஆவியாகிறது. நீர் ஆவியானால் அதன் பருமன் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட விரியும். அவ்வாவி வெளியேற வழி தேடி ஒவ்வோர் அடுக்கையும் மேலே தூக்குகிறது. இடையிலுள்ள கொழுப்பு, அடுக்குகள் மீண்டும் ஒட்டாதபடி தடுக்கிறது. இவ்வாறு விரலளவு தடித்த மாவு உள்ளங்கை உயரத்துக்கு எழுகிறது.

நாஞ்சில் நாட்டுத் தட்பவெப்பம் இத்தொழிலுக்கு இணக்கமானதன்று. கொழுப்பு உருகி மாவோடு கலந்துவிட்டால் அடுக்கு உண்டாகாது. ஆகவே பகல் வெப்பம் ஏறுமுன் மாவை விரித்து மடித்தாக வேண்டும். குளிர்பெட்டி வந்த பின்னரும் இத்தொழிலாளரின் நாள், ஊர் உறங்கும் நேரத்திலேயே தொடங்குகிறது. உள்ளே வைக்கும் இறைச்சிக்கும் இலக்கணம் உண்டு. வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை சேர்த்து வேகவைத்த இறைச்சியை ஈரம் வற்றும்வரை வதக்க வேண்டும். குழம்பாக இருந்தால் அடிமாவு நனைந்து வேகாமல் நின்றுவிடும். புறத்தே ஆவியால் எழும் மாவு. அகத்தே ஈரம் வற்றிய கறி. இரண்டும் ஒன்றுக்கொன்று இடையூறு செய்யாமல் ஒரே சூட்டில் முற்றுப்பெற வேண்டும்.

இத்திறத்தைப் போற்றும்போது மற்றொன்றையும் மறைத்தல் ஆகாது. பழைய வனஸ்பதியில் இருந்த தீயகொழுப்பு இதயத்துக்குக் கேடு தருவது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதன் அளவு 2 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்று 2022-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வரம்பிட்டது. பப்ஸ் நாள்தோறும் உண்ணத்தக்க உணவு என்று இவ்வுரை பரிந்துரைக்கவில்லை.

வந்த வழி

மாவுக்குள் இறைச்சியை மூடிச் சுடுதல் உலகின் பல நாடுகளுக்கும் பொதுவான வழக்கம். இடைக்கால ஐரோப்பாவில் அம்மாவுறை பாத்திரமாகவே பயன்பட்டது. தடித்த மாவுப் பெட்டிக்குள் இறைச்சியை இட்டுச் சுட்டனர். இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கார்ன்வால் பகுதியில், சுரங்கத் தொழிலாளர் நிலத்தடிக்குக் கொண்டு சென்ற இறைச்சி மடிப்பு அவர்களின் அடையாளமாயிற்று. அதன் மூலையில் உரியவரின் பெயரெழுத்தை மாவிலேயே பொறிக்கும் வழக்கம் இருந்ததாகக் கூறுவர். பாதி உண்டு வைத்ததை யாருடையது என அறிவதற்கு அது உதவியது. அம்மடிப்பின் பெயர் 2011-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பைப் பெற்றது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கையடக்கமான இறைச்சிப் பை, தக்காளிச் சாற்றோடு, கால்பந்தாட்டத் திடல்களின் உணவாக விளங்குகிறது.

கிழக்கிலும் இத்தகைய உணவு உண்டு. பாரசீகத்திலிருந்து வந்த சமோசா முதலில் இறைச்சி பொதிந்த பண்டமே. 14-ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் அவையில் அதனை உண்டதை இபின் பதூதா எழுதிவைத்துள்ளார். மலபார் முஸ்லிம் இல்லங்களின் இறைச்சிப் பத்திரியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

பேக்கரி என்னும் நிறுவனம் மலையாள நாட்டில் வேரூன்றியதற்குத் தலைசேரி மாம்பள்ளி பாப்புவை எடுத்துக்காட்டாகக் கூறுவர். பர்மாவில் இருந்து திரும்பிய அவர், 1880-இல் தலைசேரியில் பிஸ்கட் தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கினார். ஆங்கிலேயரின் பண்டங்களை உள்ளூர்க் கைகள் செய்யத் தலைப்பட்டன. அவர் குடும்பத்தார் பின்னர்த் திருவனந்தபுரம் உள்ளிட்ட ஊர்களிலும் கடைகள் அமைத்தனர். அன்று இரணியலும் கல்குளமும் திருவிதாங்கூர் நாட்டின் பகுதிகள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன. ஆட்சி எல்லை மாறிற்று. நாவின் எல்லை மாறவில்லை. 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை அமைந்தபோது இரணியலும் ஒரு நிலையமாயிற்று. சாயாவும் பப்ஸும் சேர்ந்த மாலைச் சிற்றுண்டி வழக்கம் குமரி மாவட்டத்தில் இவ்வளவு இயல்பாகப் படிந்திருப்பதற்கு இத்தொடர்பே அடிப்படை எனலாம்.

ஒருமையான பன்மை

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒன்றாயின் 'பஃப்', பலவாயின் 'பஃப்ஸ்'. தமிழர் பன்மை வடிவத்தையே ஒருமையாகக் கொண்டனர். "ஒரு பப்ஸ்" என்பதே வழக்கு. பலவற்றைக் குறிக்க வேண்டின் "இரண்டு பப்ஸ்" என்றோ "பப்ஸுகள்" என்றோ கூறுகின்றனர். சிப்ஸ் என்னும் சொல்லும் இவ்வாறே அமைந்தது. ஈழத்துத் தமிழரிடையே மாலைச் சிற்றுண்டியாக வழங்கும் ரோல்ஸும் பற்றிஸும் இந்நெறியையே பின்பற்றுகின்றன. ஒன்றை வாங்கினாலும் அது ரோல்ஸ்தான்.

இதனைப் பிழை என்று கூறுவது எளிது. மொழியியல் நோக்கில் இது பிழையன்று. கடன்பெற்ற மொழியின் இலக்கணத்தைக் களைந்து, தன் இலக்கணத்துக்குள் சொல்லைக் கொணர்தல் எல்லா மொழிக்கும் இயல்பு. ஆங்கிலப் பன்மை விகுதி தமிழன் செவிக்கு விகுதியாகப் படவில்லை. சொல்லின் பகுதியாகவே பட்டது. அதன்பின் வேற்றுமை உருபுகள் தடையின்றி ஏறின. பப்ஸை, பப்ஸுக்கு, பப்ஸில் என அது தமிழ்ப் பெயர்ச்சொல்லாகவே நடக்கிறது. ஈழத்தில் ரொட்டி சுடும் அடுப்பைப் 'போறணை' என்பர். போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆயினும் கேட்பவர் எவரும் அதனை அயற்சொல் என்று எண்ணுவதில்லை. அதே அடுப்பு மலையாளத்தில் 'போர்மா' ஆகிறது. அடுப்புக்கும் பண்டத்துக்கும் வந்த பெயர்கள் இவை. பண்டத்தின் உள்ளே இருப்பதற்குப் பெயர் எது என்பதே அடுத்த வினா.

கவவு

பேக்கரித் தொழிலாளர் உள்ளே வைப்பதை 'மசாலா' என்கின்றனர். கொழுக்கட்டைக்குள் வைப்பதை இல்லங்களில் 'பூரணம்' என்கின்றனர். முன்னது அரபு மொழியிலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்தது, பின்னது வடசொல். இரண்டுக்கும் முன்னர்த் தமிழில் ஒரு சொல் இருந்தது. அது 'கவவு'.

தொல்காப்பியம் சொல்லதிகார உரியியலில் கவவு என்னும் உரிச்சொல்லை எடுத்துக்கொண்டு, அகத்தே இடுதல் என்பது அதன் பொருள் என்று கூறுகிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, மதுரைக் கடைத்தெருவின் இரவுக் காட்சியைக் கூறும் பகுதியில், மோதகம் விற்போரைக் காட்டும்போது இச்சொல்லை ஆள்கிறது. மோதகத்தின் உள்ளே இட்டதைக் கவவு என்கிறது. நச்சினார்க்கினியர் அதற்கு உள்ளீடு எனப் பொருள் கண்டு, பருப்பும் தேங்காயும் என விளக்குவர். அதே பகுதியில் அப்பம் சுட்டு விற்கும் கூவியர் வருகின்றனர். நாள் முழுதும் உழைத்து, விற்பனை முடிந்த நள்ளிரவில் தம் கடையிலேயே அவர்கள் உறங்கிப்போகின்றனர். பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த எழுந்த பெருநூலில், அடுப்படித் தொழிலாளியின் உறக்கத்துக்கும் இடம் இருந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கவவு என்பதற்கு மற்றொரு வழக்கும் உண்டு. அகப்பாடல்களில் அச்சொல் தலைவன் தலைவியரின் தழுவலைக் குறிக்கும். உள்ளே வைத்துக்கொள்ளுதலும் தழுவிக்கொள்ளுதலும் ஒரே சொல்லால் உணர்த்தப்பட்டன. மாவு கறியை மூடுகிறது என்று இன்று கூறுகிறோம். மாவு கறியைத் தழுவுகிறது என்று காணும் கண் அச்சொல்லில் இருந்தது. அச்சொல் வழக்கிழந்தபோது அப்பார்வையும் உடன் மறைந்தது. உரையாசிரியர் ஆண்ட 'உள்ளீடு' என்னும் சொல்லும் இன்று கணிப்பொறித் துறைக்குச் சென்றுவிட்டது.

செயல் மட்டும் மறையவில்லை. திருக்கார்த்திகைக்குப் பனையோலைக்குள் மாவை இட்டு அவிக்கும் கொழுக்கட்டை குமரி மாவட்ட இல்லங்களில் இன்றும் உண்டு. பூவரச இலையில் மடித்து அவிக்கும் பணியாரமும் உண்டு. இலையை உரித்து எறிந்துவிட்டு உள்ளிருப்பதை உண்பது அம்முறை. உறையையும் சேர்த்து உண்பது பப்ஸின் முறை. இரண்டுக்கும் அடிப்படை கவவுதலே. எனவே பப்ஸ் இவ்வூருக்கு வந்தபோது, முற்றிலும் அறியாத ஒன்றாக வரவில்லை. அறிந்த செயல் ஒன்றன் புதிய வடிவமாகவே வந்தது.

பெயரிடும் உரிமை

இதனால், பப்ஸுக்குத் தூய தமிழ்ப்பெயர் சூட்ட வேண்டும் என்னும் கோரிக்கை எழலாம். அடுக்கப்பம், பொதியப்பம் எனப் பல பெயர்களை இவ்வரங்கிலேயே புனையலாம். ஆனால் பெயர் நிலைபெறும் வரலாறு வேறு பாடத்தைக் கற்பிக்கிறது.

போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னரே மிளகாய் இந்நிலத்துக்கு வந்தது. அதற்குத் தமிழர், முன்பே அறிந்த மிளகின் உறைப்பை நினைந்து, மிளகாய் என்று பெயரிட்டனர். அப்பெயர் எந்தப் புலவரும் அவையில் புனைந்ததன்று. சமைத்தவரும் விற்றவரும் வழங்கிய பெயர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்ப, 1880 முதல் 1885 வரை ஆட்சி செய்த விசாகம் திருநாள் மன்னர் முனைந்தார். நெல் கிடைக்காத காலங்களில் அது ஏழை இல்லங்களைக் காத்தது. குமரி மக்கள் அதனை மரச்சீனி என்கின்றனர். மரச்சீனியும் மீனும் இம்மாவட்டத்தின் ஆதி உணவு என்று இன்றைய இளைஞர் நம்பும் அளவுக்கு அப்பெயர் உறுதியாக நிற்கிறது. உண்டவரே பெயரிட்டதால் அது நிலைத்தது.

உண்பவரிடமிருந்து பெயரைப் பறிக்க முயன்ற நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. மேற்கிந்தியத் தீவாகிய ஜமைக்காவில் இறைச்சி பொதிந்த மடிப்பை 'பாட்டி' என்பர். ஆங்கிலேயரின் மாவு மடிப்பும், ஆப்பிரிக்க அடிமை மக்களின் மிளகாய் உறைப்பும், 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் கறித்தூளும் சேர்ந்து உருவான பண்டம் அது. ஜமைக்கர் குடியேறிய கனடாவின் டொராண்டோ நகரில் அது பெருவழக்காயிற்று. 1985-இல் அரசு ஆய்வாளர், 'பீஃப் பாட்டி' என்னும் பெயரால் அதனை விற்கலாகாது என்றனர். சட்டப்படி அச்சொல் மாவு சேராத இறைச்சி வட்டையையே குறிக்கும் என்பது அவர்தம் வாதம். சிறு கடைக்காரர்கள் பணியவில்லை. தம் மக்கள் தலைமுறைகளாக வழங்கிய பெயரை விட முடியாது என்றனர். முடிவில் 'ஜமைக்கன் பாட்டி' என்னும் பெயர் ஏற்கப்பட்டது. அதே நகரில்தான் பின்னாளில் ஈழத்தமிழர் பெருகிக் குடியேறி, தம் மட்டன் ரோல்ஸையும் பற்றிஸையும் கடைகளில் வைத்தனர். புலம்பெயர்ந்தோர்க்கு நிலம் போயினும் மாலைச் சிற்றுண்டியின் பெயர் போகவில்லை.

எனவே பப்ஸ் என்னும் பெயர் இருக்கட்டும். திங்கள்சந்தையில் நிற்பவர் அதனைத் தமது ஆக்கிக்கொண்டுவிட்டனர். இலக்கியவாணர் செய்ய வேண்டியது வேறு. வழக்கிழந்த கவவு என்னும் சொல்லை மீண்டும் ஆள்வதும், பெயருக்குள் பொதிந்திருக்கும் வாழ்க்கையைக் காண்பதுமே அது.

இறைச்சியும் பந்தியும்

அவ்வாழ்க்கையுள் முதலாவது இறைச்சி. பழந்தமிழ்க் கவிதை இறைச்சியைப் பேச நாணவில்லை. பொருநராற்றுப்படையில், கரிகாலனிடம் விருந்துண்ட பொருநன், இரவும் பகலும் ஊன் தின்றதால் தன் பற்கள் உழுது தேய்ந்த கொழுவைப்போல மழுங்கின என்கிறான். பிற்காலத்தில் உணவு குலத்தின் அடையாளமாயிற்று. எவர் எதனை உண்கிறார், எவரோடு உண்கிறார் என்பது மனிதரை அளக்கும் கோலாயிற்று.

திருவிதாங்கூரில் இவ்வளவை எவ்வளவு கொடியதாக இருந்தது என்பதை இம்மாவட்டத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தோள்சீலைக்காகப் பெண்கள் போராடிய மண் இது. 19-ஆம் நூற்றாண்டில் சாமிதோப்பில் வைகுண்ட சுவாமிகள் அனைவரும் ஒரே கிணற்றில் நீராடி ஒரே பந்தியில் உண்ணச் செய்தார். 1917-இல் கொச்சி நாட்டின் செறாயியில் சகோதரன் ஐயப்பன் பல குலத்தாரையும் ஒருங்கிருந்து உண்ணச் செய்தபோது, அவர் தம் இனத்தாராலேயே விலக்கப்பட்டார். திருவிதாங்கூரில் ஆலய நுழைவு உரிமை 1936 நவம்பர் 12-இல்தான் அறிவிக்கப்பட்டது. ஒருங்கிருந்து உண்பதற்கு இத்தனை போராட்டம் தேவைப்பட்டது.

இவ்வரலாற்றின் பின்னணியில் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டியை நோக்க வேண்டும். அங்கே பந்தி இல்லை. எனவே முதற்பந்தி, கடைப்பந்தி என்பதும் இல்லை. மாவை மடித்த கை எவருடையது என்று வாங்குவோர் கேட்பதில்லை. வாங்கும் கை எவருடையது என்று விற்போரும் கேட்பதில்லை. 'என்ன பப்ஸ்?' என்பதே அங்கு எழும் ஒரே வினா. ஒரே தட்டில் காய்கறியும் முட்டையும் இறைச்சியும் வெவ்வேறு மடிப்புகளாக அருகருகே இருக்கின்றன. அவரவர்க்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொண்டு ஒரே கூரையின் கீழ் நின்று உண்கின்றனர்.

பேக்கரி சாதியை ஒழித்துவிட்டது என்று கூறுதல் மிகை. இறைச்சி உண்பதை மறைக்க விரும்புவோர்க்கு மாவுறை வசதியாக இருந்தது என்பதும் உண்மையே. கடை வாசலில் அருகருகே நின்று உண்டவர், வீட்டு வாசலில் அவ்வாறு நிற்பதில்லை. ஆயினும் பெரியோர் அரும்பாடுபட்டுக் கற்பித்த ஒன்றை, மாலைப் பசி நாள்தோறும் சிறிதளவு பழக்கிக்கொண்டிருக்கிறது. இதனைக் கவிஞர் காணாமல் விடலாகாது.

பெரும்பசியும் சிறுபசியும்

நாஞ்சில் நாட்டு எழுத்து உணவைப் புறக்கணித்தது என்று எவரும் கூறவியலாது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' பாடியபோது, சொத்துரிமைச் சட்டத்தின் கொடுமையை அடுக்களைப் பேச்சின் வழியாகவே வெளிப்படுத்தினார். நாஞ்சில் நாடனின் கதைகளில் பந்தியும் பசியும் மீண்டும் மீண்டும் வருகின்றன. 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' நாவலில், பழம்பெருமை பேசும் குடும்பத் தலைவன் நாச்சுவைக்காகப் பரம்பரைப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்கிறான். ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' என்னும் கதை, திருவனந்தபுரத்து உணவுக்கடை ஒன்றில் கணக்குப் பாராமல் ஊனும் சோறும் பரிமாறிய கையைப் போற்றுகிறது.

இவை யாவும் பெரும்பாலும் பெரும்பசியின் இலக்கியம். இலையும் சோறும் பந்தியும் அதற்கு உரியவை. மாலை நான்கு மணியின் பசி வேறு வகைப்பட்டது. அது உயிரைக் கொல்வதன்று, களைப்பைக் கூட்டுவது. முந்திரி ஆலையிலிருந்து திரும்பும் பெண், வீட்டில் இரு பிள்ளைகள் காத்திருக்க, ஒரு பப்ஸை வாங்குகிறாள். நின்று தின்றால் தனக்கு. தாளில் பொதிந்து கொண்டுபோனால் பிள்ளைகளுக்கு. அவள் கையில் இருக்கும் பணம் ஒன்றுக்கே போதும். பேருந்து வருவதற்குள் அவள் முடிவு செய்தாக வேண்டும். பெரும்பாலும் அவள் அதனைப் பொதிந்தே கொண்டுசெல்கிறாள். வீட்டில் இரண்டாகப் பிட்கும்போது அடுக்குகள் உதிர்கின்றன. கறி ஒரு பக்கம் மிகுந்தும் ஒரு பக்கம் குறைந்தும் போகிறது. குறைந்த பக்கம் பெற்ற பிள்ளையின் முகம் வாடுகிறது. தட்டில் உதிர்ந்த துகள்கள் தாய்க்கு மிஞ்சுகின்றன.

இச்சிறுபசிக்குத் தமிழ்க் கவிதையில் இன்னும் போதிய இடம் கிடைக்கவில்லை. வறுமையைப் பாடும் கவிதைகள் பல. அவற்றில் வரும் ஏழை பெரும்பாலும் பட்டினியால் வாடுபவர். பட்டினி இல்லாமலும் நிறைவு இல்லாமலும் நாளை நகர்த்தும் மக்களே இன்று மிகுதி. அவர்களின் ஆசைகள் சிறியவை. அவற்றைத் துறக்கும் செயலும் சிறியது. சிறியது என்பதாலேயே அது கவிஞரின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மாங்குடி மருதனார் கண்ணுக்கு உறங்கும் கூவியன் தப்பவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பப்ஸ் என்னும் அயல்பண்டம் தமிழர் முன்பே அறிந்த கவவுதலின் புதிய வடிவம் என்பதும், அதன் பெயர் உண்பவர் நாவில் தமிழ் இலக்கணம் பெற்றுவிட்டது என்பதும், அதனுள் ஒரு நிலத்தின் சமூக வரலாறும் எளிய மக்களின் சிறுபசியும் பொதிந்துள்ளன என்பதும் பெறப்படும்.

இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் மேற்கொள்ளத்தக்க பணி ஒன்றைச் சுட்டி இவ்வுரை நிறைவுறுகிறது. இரணியல், தக்கலை, திங்கள்சந்தை, குளச்சல் வட்டாரங்களில் அடுப்படிகளிலும் பேக்கரிகளிலும் வழங்கும் தொழிற்சொற்களை உறுப்பினர்கள் தொகுக்கலாம். மாவை மடிக்கும் ஒவ்வொரு முறைக்கும், அடுப்பின் சூட்டை அறியும் ஒவ்வொரு நிலைக்கும் தொழிலாளரிடம் சொற்கள் உள்ளன. அகராதிகளில் ஏறாத அச்சொற்கள் முதியவர் சிலரின் நாவில் மட்டும் இருக்கக்கூடும். அவர்கள் மறைந்தால் அவையும் கவவு சென்ற வழியே செல்லும். அதற்குமுன் குறிப்பேட்டோடு அவர்களிடம் செல்ல வேண்டும். அவர்கள் வேலை தொடங்குவது நள்ளிரவுக்குப் பின்னர் என்பதால், செல்பவர் அன்றிரவு உறக்கத்தைத் துறக்க நேரும். விடியும்போது முதல் தட்டு அடுப்பிலிருந்து வெளிவரும்.